இடிச்சது லேசாத்தான்... பில் 34 லட்சம்! சொகுசு எலெக்ட்ரிக் கார் ரிப்பேர் ஏன் இவ்வளவு காஸ்ட்லி?

2023 பிப்ரவரி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், கொலம்பஸ் நகரம். ரிவியன் நிறுவனத்தின் ஆர்1டி என்ற எலெக்ட்ரிக் பிக்கப் வண்டி மீது, பின்னால் வந்த லெக்சஸ் கார் ஒன்று இடித்தது. பின்பக்க பம்பர் பகுதி நசுங்கியது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் 'டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சா முடிஞ்சது' ரக அடி.

இடித்த காரின் இன்சூரன்ஸ் நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. முதலில் அது ஒதுக்கிய தொகை 1,600 டாலர். ரிவியன் அங்கீகரித்த பாடி ஷாப்புக்கு வண்டி போனது. வேலை முடிந்து வந்த பில் சுமார் 42,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 34 லட்சம் ரூபாய். அந்த மாடலின் அப்போதைய ஆரம்ப விலையே சுமார் 73,000 டாலர்தான்.

இதைக் கேட்டதும் பலரும் சொல்வது, "எலெக்ட்ரிக் வண்டி இல்லையா, பேட்டரி போயிருக்கும்." அதுதான் இல்லை. பில் எகிறியதற்குக் காரணம் பேட்டரி அல்ல, வண்டியின் உடம்பு! ஆர்1டியின் பக்கவாட்டுத் தகடு பின்பக்கத்தில் தொடங்கி, கூரை வழியாக முன்கண்ணாடித் தூண் வரை ஒரே துண்டாக ஓடுகிறது. பின்னால் நசுங்கியதைச் சரிசெய்ய உள்கூரைத் துணியையும் முன்கண்ணாடியையும் கழற்ற வேண்டியிருந்தது. அடி பின்னாடி, வேலை முன்னாடி வரைக்கும்!

இந்த பில் விபத்தில் உருவானது அல்ல. வண்டியை வடிவமைத்த மேஜையிலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. அதைக் கட்டப்போவது யார்? நீங்கள் ஓட்டுவது ஸ்கூட்டராக இருந்தாலும் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு வண்டிக்கு மட்டும் நடந்த கதையா?

இல்லை. ஆயிரக்கணக்கில் எலெக்ட்ரிக் கார்களை வாங்கிய ஒரு நிறுவனத்துக்கே இது தலைவலியாகிவிட்டது. அமெரிக்க வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ், 2021 அக்டோபரில் 1 லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் கதை தலைகீழ். தன்னிடம் இருந்த எலெக்ட்ரிக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 20,000 கார்களை, விற்றுவிடுவதாகச் சொன்னது. அது சொன்ன காரணங்களில் முக்கியமானது, விபத்து மற்றும் சேத ரிப்பேர் செலவு. அதற்குச் சில மாதங்கள் முன்பே, எலெக்ட்ரிக் காரின் விபத்து ரிப்பேர் செலவு அதே தரத்துப் பெட்ரோல் காரைப்போலப் பல நேரங்களில் இரு மடங்கு ஆகிறது என்று அந்த நிறுவனத்தின் தலைமை கூறியிருந்தது.

பிரிட்டனில் வாகன ரிப்பேர் பற்றி ஆராயும் தாட்சம் ரிசர்ச் அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், பெட்ரோல், டீசல் கார்களைவிட எலெக்ட்ரிக் கார்களின் விபத்து ரிப்பேருக்குச் சுமார் 25% கூடுதல் செலவும், 14% கூடுதல் நேரமும் ஆவதாகச் சொன்னது. அதே ஆண்டு பிரிட்டனின் ஜான் லூயிஸ் நிறுவனம் எலெக்ட்ரிக் கார்களுக்குப் புதிய இன்சூரன்ஸ் தருவதைத் தற்காலிகமாக நிறுத்தியதும் பேசுபொருளானது.

சரி, காசு எங்கே போகிறது? ஐந்து இடங்களில்.

1. உடம்பு: வெட்டி ஒட்ட முடியாத தகடு

பழைய கார்களில் ஃபெண்டர், கதவு, டிக்கி என்று பாகங்கள் தனித்தனி. நசுங்கியதைக் கழற்றி வேறு மாட்டலாம். சொகுசு எலெக்ட்ரிக் கார்களில் அழகுக்காகவும் எடை குறைப்புக்காகவும் பெரிய பெரிய ஒற்றைத் துண்டுகள் வந்துவிட்டன. டெஸ்லா இன்னும் ஒரு படி மேலே. மாடல் ஒய் காரின் பின்பக்க அடிச்சட்டத்தில் முன்பு சுமார் 70 துண்டுகள் இருந்த இடத்தில், ராட்சத அச்சில் வார்த்த ஒரே அலுமினிய வார்ப்பை வைத்தது. தொழிற்சாலைக்கு இது பெரிய லாபம்: ரோபோ குறைவு, வெல்டிங் குறைவு, நேரம் குறைவு. லேசான இடிகள் அந்த வார்ப்புவரை போகாமல் இருக்க, முன்னால் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள் உண்டு. ஆனால் இடி வார்ப்பையே எட்டிவிட்டால், ஒரு துண்டை மட்டும் மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

இதோடு அலுமினியம் சேர்கிறது. இரும்பைப்போல அதைத் தட்டி நிமிர்த்திவிட முடியாது. வெல்டிங்குக்குப் பதில் பல இடங்களில் பசையும் ரிவெட்டும்தான். இரும்புத் தூள் பட்டால் அரிப்பு வரும் என்பதால் தனி இடம், தனிக் கருவிகள் வேண்டும். இந்த வசதி எல்லாப் பட்டறைகளிலும் இருக்காது.

2. கண்: பம்பருக்குள் ஒளிந்திருக்கும் ரேடார்

எலெக்ட்ரிக் காருக்கு முன்னால் பெரிய ரேடியேட்டர் தேவையில்லை. ஆனாலும் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் காரின் முன்பக்கம் பிரம்மாண்டமான கிரில் இருக்கிறதே, எதற்கு? காற்று போக அல்ல. அதன் பின்னால் கேமராவும் ரேடாரும், பனி படியாமல் இருக்க ஹீட்டரும் இருக்கின்றன. பார்க்க கிரில், உண்மையில் அது ஒரு சென்சார் பலகை!

முன்பெல்லாம் கார்களில் முதலில் உடைவது பம்பர், கிரில், ஹெட்லைட்தான். விலை குறைந்த பாகங்கள் அங்கே இருந்ததால் பிழைத்தோம். இப்போது விலை கூடிய பாகங்கள் அதே இடத்தில் இருக்கின்றன. மெர்சிடிஸின் டிஜிட்டல் லைட் ஹெட்லைட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 13 லட்சம் நுண் கண்ணாடிகள். உடைந்தால் பல்பு மாற்றும் கதையல்ல, மொத்த யூனிட்டும் மாறும்.

மாற்றினாலும் வேலை முடியாது. ரேடாரும் கேமராவும் மில்லிமீட்டர் அளவுக்குச் சரியாகப் பார்க்கிறதா என்று கருவி வைத்துச் சீரமைக்க வேண்டும். இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். ரேடாருக்கு முன்னால் பெயின்ட் கொஞ்சம் தடிமனாக இருந்தால்கூட சிக்னல் மாறும் என்பதால், சில நிறுவனங்கள் அந்த இடத்தில் பட்டி போட்டு பெயின்ட் அடிக்கவே அனுமதிப்பதில்லை. பம்பரையே மாற்றச் சொல்கின்றன.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு காரணங்களும் எலெக்ட்ரிக் என்பதால் மட்டும் வந்தவை அல்ல. சொகுசு பெட்ரோல் கார்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அடுத்து வருவதுதான் எலெக்ட்ரிக்குக்கே உரியது.

3. அடிவயிறு: கீறினாலே கேள்விக்குறி

காரின் தரை முழுக்க, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே பேட்டரி. 400 வோல்ட், சில கார்களில் 800 வோல்ட். அதன் உறையில் கீறலோ பள்ளமோ விழுந்தால் உள்ளே செல்களுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடிபட்ட லித்தியம் பேட்டரி உடனே எரியாமல், நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். எனவே 'எதற்கு வம்பு' என்று மொத்த பேட்டரியையும் மாற்றச் சொல்வது நடக்கிறது.

கனடாவில் 2023-ல் வெளியான ஒரு சம்பவம் நல்ல உதாரணம். ஹூண்டாய் ஐயோனிக் 5 காரின் பேட்டரி உறையில் விழுந்த கீறலுக்கு, பேட்டரியை மாற்ற 60,000 கனடிய டாலருக்கு மேல் எஸ்டிமேட் வந்தது. கார் வாங்கிய விலையே அதைவிடக் குறைவு! இத்தனைக்கும் அது சொகுசு ரகம்கூட இல்லை.

இங்கேயும் வடிவமைப்புதான் தீர்ப்பு எழுதுகிறது. போர்ஷே டைகானின் பெரிய பேட்டரி 33 மாட்யூல்களால் ஆனது. பழுதான மாட்யூலை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. மாறாக, டெஸ்லா 2022-ல் டெக்ஸஸ் ஆலையில் தயாரித்த மாடல் ஒய் கார்களின் பேட்டரியில் செல்களைச் சுற்றி கெட்டியான நுரையை ஊற்றி, அதையே காரின் தரையாக்கியது. உறுதி கூடியது. ஆனால் உள்ளே ஒரு செல்லை மட்டும் எடுத்து மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

4. கை: எல்லாப் பட்டறையும் தொட முடியாது

வேலை தொடங்கும் முன் உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும், மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதி செய்ய வேண்டும், தனி இன்சுலேஷன் கையுறை போட வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஏர்பேக் விரிந்த கார்களில், பேட்டரி இணைப்பைத் தானே துண்டிக்கும் வெடி ஃபியூஸும் பல மாடல்களில் சேர்ந்து போயிருக்கும். அதுவும் மாற்ற வேண்டிய கணக்குதான்.

இடமும் காசுதான். பேட்டரி சேதமாகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் காரை மற்ற வண்டிகளோடு ஒட்டி நிறுத்த முடியாது. திறந்த வெளியில் சுற்றிலும் 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற பரிந்துரையைத் தாட்சம் அறிக்கை விவாதிக்கிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பல கார்களை நிறுத்தியிருக்கலாம். பெயின்ட் காயவைக்கும் சூட்டறையிலும் பேட்டரிக்கு வெப்ப வரம்பு உண்டு. வரம்பு தாண்டும் என்றால் பேட்டரியை இறக்கிவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். இறக்கி ஏற்றும் கூலி? அதுவும் பில்லில்.

5. காத்திருப்பு: பாகம் வரும், எப்போது வரும்?

அங்கீகரிக்கப்பட்ட பட்டறை குறைவு, பழைய காரிலிருந்து எடுத்த பாகங்கள் சந்தையில் குறைவு, வெளி நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்றுப் பாகங்களும் குறைவு. போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்காது. கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் மாற்று வண்டிச் செலவு வேறு.

இதையெல்லாம் கூட்டினால் எலெக்ட்ரிக் கார் மோசம் என்று ஆகிவிடாது. இன்ஜின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, வழக்கமான சர்வீஸ் செலவு குறைவு. பிரச்சினை ஓடும்போது அல்ல, இடிக்கும்போது!

நம்ம ஊர் கணக்கு என்ன?

சொகுசு எலெக்ட்ரிக் கார்கள் இப்போது தூரத்துக் கதை இல்லை. டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து, மாடல் ஒய் காரை 59.89 லட்சம் ரூபாயிலிருந்து விற்கத் தொடங்கியது. பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ்1 நீள வீல்பேஸ் மாடல் நம்ம சென்னை அருகே உள்ள ஆலையிலேயே அசெம்பிள் ஆகிறது. ஆனால் இங்கே அசெம்பிள் ஆவதால் எல்லா உதிரிபாகமும் இங்கேயே கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

இன்சூரன்ஸ் பக்கம் வருவோம். இந்தியாவில் எலெக்ட்ரிக் வண்டிகளுக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் 15% தள்ளுபடி 2022-ல் வந்தது. ஆனால் ரிப்பேர் செலவு எதிரொலிப்பது நம் வண்டிக்கான 'ஓன் டேமேஜ்' பிரீமியத்தில்தான். அங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தேய்மானம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50% தேய்மானம் கழிக்கும் வழக்கம் இருக்கிறது. 10 லட்சம் மதிப்புள்ள பாகம் என்றால் 5 லட்சம் உங்கள் கையிலிருந்து. 'பம்பர் டு பம்பர்' என்று ஷோரூமில் சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் எடுத்தால் இந்தக் கழிவு இல்லை. ஆனால் காரை ஓட்டும் பெரிய பேட்டரி அதில் அடக்கமா, அதற்குத் தனி ஆட்-ஆனா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, டோட்டல் லாஸ். ரிப்பேர் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐடிவியில், 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழு நஷ்டமாகக் கருதப்படும். ஒரு கணக்குப் போடுவோம். 1 கோடி ரூபாய் கார். இரண்டு வயது தாண்டி மூன்றுக்குள் இருந்தால் ஐடிவி 30% குறைந்து 70 லட்சம். அதில் 75% என்றால் 52.5 லட்சம். பேட்டரி, அலுமினிய உடம்பு, சென்சார்கள் மூன்றும் சேர்ந்தால் இந்தக் கோட்டை எட்டுவது பெட்ரோல் காரைவிட எளிது. ஓடக்கூடிய கார் காயலான் கடைக்குப் போவது இப்படித்தான். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் இருந்தால் இன்வாய்ஸ் மதிப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் ஐடிவிதான்.

மூன்றாவது, வாரன்ட்டி. '8 வருஷம் பேட்டரி வாரன்ட்டி' என்பது தயாரிப்புக் கோளாறுக்கும் திறன் குறைவுக்கும்தான். இடித்தால் அது பேசாது.

எங்கிட்ட எலெக்ட்ரிக் காரே இல்லையே, எனக்கென்ன?

இங்கேதான் நிறையப் பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. உங்கள் பாலிசியை எடுத்து 'தேர்ட் பார்ட்டி ப்ராப்பர்ட்டி டேமேஜ்' என்ற இடத்தைப் பாருங்கள். நீங்கள் அடுத்தவர் வண்டிக்கோ சுவருக்கோ ஏற்படுத்தும் சேதத்துக்கு உங்கள் இன்சூரன்ஸ் கொடுக்கும் உச்ச வரம்பு அது. வழக்கமாக காருக்கு 7.5 லட்சம் ரூபாய், டூவீலருக்கு 1 லட்சம் ரூபாய். பிரீமியத்தைக் கொஞ்சம் குறைக்க, இதை வெறும் 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் வழியும் உண்டு. உயிரிழப்பு, காயத்துக்கான தேர்ட் பார்ட்டி இழப்பீட்டுக்கு இப்படி வரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்குத்தான் இந்த வரம்பு.

சிக்னலில் பிரேக் பிடிக்காமல் ஒரு ஸ்கூட்டர், சொகுசு எலெக்ட்ரிக் கார் மேல் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கணக்குதான், ரிப்பேர் 10 லட்சம். நம்ம ஊரில் பெரும்பாலும் அவரவர் இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விவகாரம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், தப்பு ஸ்கூட்டர் மேல்தான், முழுத் தொகையும் தர வேண்டும் என்று முடிவானால், இன்சூரன்ஸ் தருவது 1 லட்சம்வரை. மிச்சம் 9 லட்சம்? ஸ்கூட்டர்காரர் தலையில். கார்க்காரருக்குப் பணம் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம், அவர் இடத்தில் நின்று கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

சாலையில் ஓடும் வண்டிகளின் விலை மாறிவிட்டது. அந்த வரம்போ பழைய கார்கள் ஓடிய காலத்தில் போட்டது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஷோரூமில் ரேஞ்ச் எவ்வளவு, 0-100 எத்தனை செகண்ட் என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்:

- பேட்டரியை மாட்யூல் மாட்யூலாக மாற்ற முடியுமா, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டுமா?
- பேட்டரி உறையை மட்டும் தனியாக மாற்ற முடியுமா?
- உயர் மின்னழுத்த வேலையும் அலுமினிய வேலையும் செய்யும் அங்கீகரிக்கப்பட்ட பாடி ஷாப் என் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?
- முன் பம்பர், ஒரு ஹெட்லைட், முன்கண்ணாடி: மூன்றுக்கும் காலிபரேஷனோடு சேர்த்து விலை என்ன?
- ஜீரோ டெப், பேட்டரி கவர், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் மூன்றையும் சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு? அது எத்தனை வருடம்வரை கிடைக்கும்?

இடித்துவிட்டால்?

- அடிப்பாகம் வேகத்தடையிலோ கல்லிலோ பலமாகத் தட்டினால், 'ஓடுதே, அப்புறம் பார்க்கலாம்' வேண்டாம். போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, செக் பண்ணச் சொல்லுங்கள். தெரிந்தே தொடர்ந்து ஓட்டி சேதம் பெரிதானால், அது விபத்தின் நேரடிச் சேதம் அல்ல என்று கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ வாய்ப்பு உண்டு.
- எச்சரிக்கை விளக்கு, புகை, விநோத வாசனை, கொதிக்கும் சத்தம் ஏதாவது இருந்தால் எல்லோரும் இறங்கி விலகிவிடுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.
- சாதாரண கயிறு கட்டி இழுக்க வேண்டாம். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் தரையில் படாத டிரக்தான் சரி.
- 'பேட்டரி மாற்றணும்' என்றால், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வேயரிடம் அந்த அறிக்கையைக் கொடுங்கள்.

நிலைமை மாறுமா?

மாற்றம் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் எலெக்ட்ரிக் கார் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. பேட்டரியின் வரலாறும் நிலையும் அதில் பதிவாகும். உள்ளே நிஜமாகவே அடிபட்டிருக்கிறதா என்று தரவை வைத்துச் சொல்ல முடிந்தால், 'சந்தேகத்துக்காக' தூக்கிப்போடுவது குறையும். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் போர்ட்டலைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும் மறுபயன்பாட்டுப் பாகங்களும் பெருகும்போது விலை இறங்க வாய்ப்பு உண்டு.

ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. 70 துண்டை ஒன்றாக்கினால் மிச்சமாகும் காசு தொழிற்சாலைக்கு. அந்த ஒன்று உடைந்தால் ஆகும் செலவு உரிமையாளருக்கு, பிரீமியம் கட்டும் எல்லோருக்கும், சில நேரம் சிக்னலில் பின்னால் வந்த ஸ்கூட்டர்காரருக்கும். எளிதாக ரிப்பேர் செய்ய முடிவதும் ஒரு காரின் தரம்தான். அதை வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் கேட்கத் தொடங்கினால்தான், தயாரிப்பவர்கள் வரைபடத்தில் போடத் தொடங்குவார்கள்.

அதுவரை நாம் இன்றே செய்யக்கூடியது ஒன்று: மொபைலில் இருக்கும் பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து, அந்த ப்ராப்பர்ட்டி டேமேஜ் வரியில் 7.5 லட்சம், 1 லட்சம், 6,000 இதில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவது. 6,000 என்று இருந்தால், அடுத்த ரினியூவலில் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.